கண் தெரியுதோ?

மச்சான்,

உன் மனுசியின் ஹெல்மெற் இப்போது என் கடை மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. பின் சில்லுக்குக் காற்று நிற்கவில்லை என்று காலையில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தா. இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டு, சந்தியில் பஸ் பிடித்து ரவுணுக்குப் போய்விட்டா. நாலு மணிக்கு வந்து எடுக்கிறன் அண்ணை என்றா. ரியூப்பை ஒட்டிப் பூட்டி அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பிறகு சும்மா இருக்க முடியாமல் ஹெல்மெற்றைத் தூக்கி உள்ளே பார்த்தேன். மற்றவர்களின் சாமானை உள்ளே திறந்து பார்க்கிற ஆள் நான் என்று உனக்குத் தெரியும்தானே.

உள்ளே பஞ்சுக்கு மேல் ஒரு பழைய துணி நாலாய் மடித்து வைத்திருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை. வாசம் தானாக எழும்பி வந்தது. நல்லெண்ணெய், வியர்வை, அதோடு உப்புத் தரை வெயில் குடித்தால் வருகிற ஒரு மணம். துணியின் ஓரத்தை விரித்துப் பார்த்தேன். எறும்புகள் வரிசையாய்ப் போவது போல் சின்னச் சின்னத் தையல். உன் கைத் தையல். உன் தலைக்கட்டு.

ஹெல்மெற் அவவின் தலைக்குப் பெரிது போலும். ஆடாமல் இருக்க உன்னை மடித்து வைத்திருக்கிறா. ஆனால் நான் அதை முன்பக்கம் சரித்துப் பார்த்தேன். துணி வழுகி வந்து, நெற்றி இருக்கிற இடத்தில் நாக்கைப் போலத் தொங்கியது. இன்னும் கொஞ்சம் சரித்தேன். கண் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டது.

இதை எடுத்துவிட்டால் உன்னையே அவவின் தலையிலிருந்து எடுத்தது மாதிரி. எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று எனக்கும் உனக்கும் தெரியும். கண்டி வீதியில் லொறிகள் போகிற போக்கும் உனக்குத் தெரியும். நாலு மணிக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டும். அதற்குத்தான் உனக்கு எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து வளைந்துதான் போகும். பரவாயில்லை, நீயும் ஒரு நாளும் நேர்கோட்டில் கதை சொன்ன ஆள் இல்லை.

மத்தியானம். வீதியில் ஒரு குருவி இல்லை. தார் மேல் வெயில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. கடைக்கு முன்னால் நிற்கிற வேப்பமரத்தின் நிழல் என் காலடியில் சுருண்டு படுத்திருக்கிறது. இந்த நேரத்தில் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டால் எனக்கு ஒரு சத்தம் கேட்கும். டக்... டக்... டக். தடியில் தடி படுகிற சத்தம். வீட்டில் என் மனுசிக்குச் சொன்னால், காதுக்கு மருந்து விடச் சொல்லுவாள். அவளுக்கு ஏற்கெனவே என் பல்லோடு ஒரு சண்டை. முன்பல் விழுந்த ஓட்டையோடு கடையில் இருந்து சிரிக்கிறது அவளுக்கு வெட்கமாம். பல்லுக் கட்டுங்கோ, பல்லுக் கட்டுங்கோ என்று நாலு வருசமாய் ஒரே பாட்டு. இந்த மாசம் கட்டாயம் கட்டுவதாய்ச் சொல்லியிருக்கிறேன்.

உன் தலையில் அந்தக் குழி இருந்ததே. இடக் காதுக்கு மேல், மூன்று விரல் தள்ளி. பத்தொன்பது வயதில், செல் குண்டு விழுந்த ஒரு நாளில், துண்டு புகுந்த இடம். துண்டை எடுத்தபோது எலும்பிலும் கொஞ்சம் எடுக்க வேண்டி வந்தது. பேந்து அந்த இடத்தைத் தோல் மட்டும் மூடிக்கொண்டது. நீ மயிரை வளர்த்துச் சீவி மறைத்து வைத்திருந்தாய். நானும் பல காலமாய் உன்னை மொட்டை விழப் பயந்த மாப்பிள்ளை என்றுதான் பகிடி பண்ணினேன். ஒரு நாள் நீ என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாய். அடியில் ஏதோ மெல்லத் தூக்கித் தூக்கிப் போட்டது. காற்றில்லாத நாளில் எங்கள் அரியாலைக் கடல் கரையைத் தொட்டுத் தொட்டுப் போகுமே, அதே மாதிரி. எனக்கு வாயில் பகிடி ஒன்றும் வரவில்லை. என் வயதில் அப்படி நடந்தது இரண்டு தரமோ மூன்று தரமோதான்.

அந்தக் குழியால் உன்னை ஊரே பஞ்சுக்குள் வைத்திருந்தது. மரம் ஏறக்கூடாது. கிணற்றுக் கட்டில் இருக்கக்கூடாது. சைக்கிள் வைத்திருந்தாய், ஆனால் ஏறி ஓடக்கூடாது. தைத்த துணிமூட்டையைக் கரியரில் கட்டி, வாழ்க்கை முழுக்க அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாய். நீ சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போகிறாயா, சைக்கிள் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று நான் கேட்காத நாள் இல்லை. ஊரில் என்னைத் தவிர ஒருத்தரும் உன் தோளில்கூடத் தட்ட மாட்டார்கள். கலியாண வீட்டில் சனம் நெருக்கினால் உனக்கு மட்டும் வழி விடும், சாமி வாகனம் வருகிறது மாதிரி.

அப்படிப்பட்ட ஆள், நாற்பத்து நாலு வயதில், சிலம்படி பழக வந்து நின்றாய்.

நான் அங்கே ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தேன். என் நோக்கம் வீரம் இல்லை, வயிற்று வண்டியைக் கரைக்கிறது. சாரம் கட்டினால் முடிச்சு எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க முடியாத அளவுக்கு வயிறு வந்திருந்தது. பழக்கினவர் எங்களைவிட எட்டு வயது இளையவர், தபால் கந்தோரில் வேலை. விடிய ஐந்தரைக்கு, கடல் வற்றின உப்புத் தரையில் பத்துப் பன்னிரண்டு பேரை நிறுத்திக் கம்பு சுற்ற வைப்பார். ஏழு மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தபால் பிரிக்கப் போய்விடுவார். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். உன்னைக் கண்டதும் மாஸ்டரின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கம்பு சுற்றுகிறது மட்டும் என்றால் பரவாயில்லை, ஆள் வைத்து அடிக்கிறது உங்களுக்குச் சரிவராது அண்ணை என்றார். ஒருத்தரும் உனக்கு எதிரில் நிற்க வரவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் கம்பைத் துடைத்தார்கள், அது அதற்கு முதல் ஊத்தையாய் இருந்தது மாதிரி.

நீ போகிற வழியில் என்னிடம் சொன்னாய். சைக்கிளின் கைபிடியைப் பார்த்துக்கொண்டு, மெல்லமாய்.

"எல்லாரும் என்னை முட்டை மாதிரிப் பிடிக்கினம் மச்சான். ஒருத்தனாவது என்னை ஒரு ஆளா நினைச்சு அடிக்கட்டும்."

அடுத்த நாள் நான் மாஸ்டரிடம் போய், இவருக்கு நான் சோடி நிற்கிறன் என்றேன். உன் மேல் இரக்கப்பட்டு இல்லை. உன்னை அடிக்க எத்தனையோ வருசமாய் எனக்கு ஆசை.

அந்தத் தரையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தரும் தன் தலைக்கட்டைத் தானே கட்டக்கூடாது. உனக்கு எதிரில் நின்று அடிக்கப்போகிறவன்தான் உன் தலையைக் கட்டவேண்டும். அடிக்கிற கைக்கு அந்தத் தலை முதலில் பழகவேண்டும் என்பார் மாஸ்டர். எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் இரண்டாய்க் கிழித்தால் ஒரு சோடிக்குச் சரி. நெற்றியில் பிடித்து, காதுக்கு மேலால் சுற்றி, உச்சியில் குறுக்காக இரண்டு தரம் போட்டு, மிச்ச நுனியைச் செருகிவிடுவது. முடிச்சுப் போடக்கூடாது. அடி பட்டால் முடிச்சுக் கல்லு மாதிரி உள்ளே இறங்கும். நெற்றிக்கும் துணிக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். கடைசியில் கட்டினவன் கேட்கவேண்டும், கண் தெரியுதோ என்று. சும்மா ஓம் என்றால் காணாது. எதிரில் தெரிகிற ஏதாவது ஒன்றைப் பார்த்துச் சொல்லவேண்டும். தோணி தெரியுது, கொக்குத் தெரியுது, இப்படி. சொன்னால்தான் கம்பைத் தொடலாம்.

மற்றவர்கள் தோணியும் கொக்கும் சொன்னார்கள். நீ முதல் நாளே என் முகத்தை ஆறுதலாய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாய்.

"உன்ரை ஓட்டைப் பல்லுத் தெரியுது."

மாஸ்டர் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அதே கேள்வி, அதே பதில். ஒரு நாள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு மூக்கால் கேட்டேன். நீ அசையாமல் நின்றாய். நான் சிரித்துப் பல்லைக் காட்டும்வரை தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டு நின்றாய்.

அந்தக் குழிக்கென்று நாங்கள் தனியாக ஒன்று செய்தோம். பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் ஒன்றை அறுத்து உள்ளங்கை அளவு துண்டு எடுத்தேன். விளிம்பை அரத்தால் மழுக்கினேன். ரியூப் ரப்பரை இரண்டு பக்கமும் சொலூசன் போட்டு ஒட்டினேன். நீ அதற்குத் துணியில் உறை தைத்தாய். குழியில் முட்டாமல் சுற்றியிருக்கிற நல்ல எலும்பில் மட்டும் குந்துகிற மாதிரி வளைவு வர ஏழு தரம் வெட்டி ஏழு தரமும் பிழையாய்ப் போனது. எட்டாவது சரிவந்தது. கட்டுக்கு அடியில் அதை வைத்ததும் நீ தலையை ஒருக்கால் வெளியே நீட்டி உள்ளே இழுத்துக் காட்டினாய். அன்றிலிருந்து அது ஆமை ஓடு. நீ ஆமை. உன் மனுசிகூட ஒரு தரம் வாய் தவறி, ஆமை சாப்பிட்டாச்சு அண்ணை என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தா.

முதல் ஆறு மாசம் தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும்தான் அடி. தலைக்கு இல்லை. நீதான் ஒரு நாள் மாஸ்டரிடம் கேட்டாய், தலைக்கு அடி வராமல் தலையைக் காக்கிறது எப்படிப் பழகுறது என்று.  பேந்து அவர், தலைக்கும் மெல்லமாய், எண்ணி அடிக்கச் சொன்னார். அடி வரும்போது இரண்டு கையாலும் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு பக்கம் சரித்துப் பிடிக்கவேண்டும். நேரே பிடித்தால் அடியின் பாரம் முழுக்கத் தலைக்குத்தான். சரித்துப் பிடித்தால் அடி கம்பிலே வழுகி நிலத்துக்குப் போய்விடும். தண்ணீருக்குள் நின்று அடிப்பது போல நான் மெல்ல இறக்குவேன். நீ மெல்லத் தூக்குவாய். கடல் பக்கமிருந்து முதல் வெளிச்சம் வரும். இரண்டு பேரின் நிழலும் மேற்கே நீண்டுபோய், பனை உயரத்துக்கு இரண்டு பேர் அங்கே தனியாக விளையாடுவது மாதிரிக் கிடக்கும். இப்போதும் என் கனவில் வருவது அந்த இரண்டு நிழலும்தான். எங்கள் முகம் வருவதில்லை.

ஒன்றை மட்டும் நான் உனக்குச் சொல்லவில்லை. வேகம் கூடக் கூட, என் கம்பு உன் தலைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். நானே நிறுத்திவிடுவேன். நீ தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் அது உன்னில் படாது. அடிக்கிறேன் என்று வந்த நானும் உன்னை முட்டை மாதிரித்தான் பிடித்தேன், கம்பால்.

பிறகு கோயில் திருவிழா வந்தது. சாமி வெளிவீதி வருகிறதுக்கு முதல், பின்னேரத்தில் எங்கள் ஆட்களின் சிலம்படி. மாஸ்டர் எங்கள் சோடியையும் சேர்த்துவிட்டார். உனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. புதுச் சாரம் தைத்தாய், எனக்கும் ஒன்று தைத்தாய், இடுப்பை மூன்று தரம் அளந்து ஒவ்வொரு தரமும் பெருமூச்சு விட்டாய். எனக்குத்தான் ஒரு கணக்குச் சரிவரவில்லை. சனம் பார்க்கிற இடத்தில் ஒரு சாண் முன்னால் கம்பை நிறுத்த முடியாது, பொய் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். நிறுத்தாமல் அடித்தால்? முன்வரிசையில் உன் மனுசி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருக்கிறா.

அதனால் ஒரு வேலை செய்தேன். பழைய சைக்கிள் சீற் ஒன்றைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, உன் தலையைக் கட்டும்போது ஓட்டுக்கு மேல் வைத்துச் சுற்றிவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. கட்டுப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. கண் தெரியுதோ என்றேன். அன்றைக்கு நீ என் பல்லைச் சொல்லவில்லை. கோபுரம் தெரியுது, அதிலை இருக்கிற காகமும் தெரியுது என்றாய். அவ்வளவு சந்தோசம் உனக்கு.

நல்லாய்த்தான் ஆடினோம். சனம் கை தட்டியது. ஆனால் உன் வியர்வை எல்லாத்தையும் அந்தப் பஞ்சு குடித்தது. குடித்துக் குடித்துப் பாரம் ஏறியது. நான் கம்பை மேலே தூக்கினேன். நீ சுழன்று திரும்பினாய். திரும்பின வேகத்தில் கட்டு முன்னுக்கு வழுகி உன் இடக் கண்ணை மூடியது. நான் கண்டேன் மச்சான். கண்டேன், ஆனால் அதற்குள் கம்பு என் கையைவிட்டுப் போன மாதிரிப் போய்விட்டது. உன் கை தூக்கினது பிந்திவிட்டது.

குழியில் படவில்லை. புருவத்தில் பட்டது.

நீ விழவில்லை. இரத்தம் மூக்கின் பக்கத்தால் வழிய அப்படியே நின்றாய். தலைக்கட்டைப் பிடித்து இழுத்தாய். பஞ்சு நிலத்தில் தொப்பென்று விழுந்தது, கடல் கரையில் ஒதுங்கின கொழகொழச் சொறிமுட்டை மாதிரி. யாரோ பகிடிக்காரரின் ஆட்டம் என்று நினைத்துச் சிரித்தார்கள். நீ பஞ்சைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உன் மனுசி ஓடிவந்து புருவத்தில் சேலையை அழுத்தினா. அவவின் கைக்குக் கீழால் என்னிடம் சொன்னாய்.

"அடி பட்டது காரியமில்லை. நீயும் என்னை முட்டையெண்டுதான் பிடிச்சிருக்கிறாய். அதுவும் எனக்குச் சொல்லாமல்."

ஆசுப்பத்திரியில் ஆறு தையல். தையற்காரனுக்கே தையல் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல ஆள் இல்லை. நீ ஒன்றரை மாசம் என்னோடு கதைக்கவில்லை. என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும், ஆனால் வீதியின் மற்றப் பக்கத்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். உனக்குப் பதிலாக உன் சைக்கிள் என்னைப் பார்த்து மணி அடிக்கும் என்றுகூட எதிர்பார்த்தேன். அதுவும் அடிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எனக்குக் காய்ச்சலோ என்று கேட்டார்கள். பகிடி ஒன்றும் இல்லாமல் ரியூப் ஒட்டினால் ஊருக்கு அப்படித்தான் தோன்றும்.

பிறகு ஒரு நாள், இதே மாதிரி ஒரு மத்தியானம், நீ வீதியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தாய். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, முன் சில்லிலை ஓட்டை என்றாய். அவ்வளவுதான் கதை. நான் ரியூப்பைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் அமத்தினேன். ஒரு குமிழி இல்லை. சுற்றிச் சுற்றி அமத்தினேன். இல்லை.

"ஓட்டை இல்லை," என்றேன்.

"வடிவாப் பார்," என்றாய்.

நீ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாய். இரண்டு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்தோம். வேப்பம் பூ ஒன்று விழுந்து மிதந்தது. தண்ணீருக்குள் வானம் இருந்தது, உன் புருவத்துத் தழும்பு இருந்தது, என் தாடி இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கை தண்ணீருக்குள் ஊறிச் சுருங்கிப் போனது. குமிழி வரவே இல்லை. எனக்குத்தான் கதை வந்தது. அந்த ஒரு சாண் கதையைச் சொன்னேன். எத்தனை மாசமாய் உன் தலைக்கு முன்னால் கம்பை நிறுத்தினேன் என்று எல்லாத்தையும் சொன்னேன்.

அது தெரியும் என்றாய் நீ. கம்பில் கம்பு படுகிற சத்தத்திலேயே தெரியுமாம். நானாகத் திருந்தட்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்தாயாம். பிறகு துணிமூட்டைக்குள் கையை விட்டுத் தலைக்கட்டை எடுத்து என் மடியில் போட்டாய். இரத்தக் கறை போகத் தோய்த்து, ஓரம் புதிதாய்த் தைத்திருந்தாய்.

"நாளைக்குக் கட்டு. ஆனால் இனிமேல் என்ரை தலையிலை என்ன வைக்கிறதெண்டாலும் என்னைக் கேட்டுப்போட்டு வை."

அடுத்த நாள் காலை பனி மாதிரி ஒரு புகார் கடலில் நின்றது. கரை எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. ஆமை ஓட்டை வைத்தேன், சுற்றினேன், வலப் பக்கம் செருகினேன், இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். கண் தெரியுதோ என்றேன். பல்லுத் தெரியுது என்றாய். தள்ளிப் போய் நின்று, கம்பைத் தூக்கி, என் பலம் முழுக்க உன் தலைக்கு இறக்கினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற நாட்களில் கேட்டது வேறு, இது வேறு. கம்பு கம்பில் பட்டு வழுகி என் காலடியில் நிலத்தைக் குத்தியது. தண்ணீரில் நின்ற கொக்குகள் எல்லாம் ஒன்றாய் எழும்பிப் புகாருக்குள் போய்விட்டன. நீ தலைக்கு மேல் சரித்துப் பிடித்த கம்புக்குக் கீழே நின்றாய், சின்னக் குடிசைக்குள் நிற்கிறவன் மாதிரி. நின்று சிரித்தாய். இருபத்தைந்து வருசத்தில் முதல் முதலாய் ஒருத்தன் உன் தலைக்கு அடித்திருக்கிறான், நீ அதைக் காத்திருக்கிறாய். இன்னொருக்கால் என்றாய்.  இன்னொருக்கால் அடித்தேன்.

மூன்று வருசம் அப்படி அடித்தேன். ஒரு அடிகூடப் படவில்லை. தலையைக் காத்தாய் மச்சான். போனது நெஞ்சால். தையல் மெசினில் கால் வைத்தபடி, யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டு இருந்தபோது. நெஞ்சுக்கு ஓடு செய்கிற விதம் எனக்குத் தெரியாது.

உன்னைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கடைசியில் தலைப்பாகை கட்டுகிற நேரம் வந்தது. உன் பெரியப்பாவின் மகன் புதுத் துணியை எடுத்தார். உன் மனுசி காலடியில் இருந்தவ எழும்பி, அந்த அண்ணைதான் கட்டவேணும் என்றா. நான் சேட்டுப் பைக்குள் ஆமை ஓட்டைக் கொண்டுபோயிருந்தேன். வைக்கவோ தங்கச்சி என்று கேட்டேன். பார், அன்றைக்காவது கேட்டேன். அவ அதை வாங்கி ஒருக்கால் தடவிவிட்டுத் திருப்பித் தந்தா.

"இனி ஆர் அண்ணை அவருக்கு அடிக்கப்போகினம்."

ஓடு இல்லாமல் சுற்றினேன். நெற்றியில் பிடித்து, காதுக்கு மேலால், உச்சியில் குறுக்காக. வலப் பக்கம் செருகினேன். இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். என் மூளை எங்கேயோ நின்றது. கை தன் பாட்டில் வேலை பார்த்தது. வாயும் தன் பாட்டில் கேட்டுவிட்டது, கண் தெரியுதோ என்று.

 பறை அடிக்கிறவர்கள்கூட வாசலில் நிற்பாட்டின மாதிரி எனக்குத் தோன்றியது. என்னால் தலை நிமிர முடியவில்லை. அப்போது உன் காலடியிலிருந்து அவ சொன்னா.

"தெரியுது அண்ணை. கட்டுங்கோ."

இப்போது மணி மூன்றே முக்கால். மேசையில் உன் துணி கிடக்கிறது. கத்தரிக்கோலை ஒரு தரம் எடுத்தேன். அளவாய் வெட்டி, சத்தம் போடாமல் உள்ளே ஒட்டிவிட்டால் அவவுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். சொலூசன் போத்தலையும் திறந்தேன். நல்ல காலம், அந்த மணம் மூக்கில் ஏறினபோது சைக்கிள் சீற்றின் பஞ்சு நினைவு வந்தது. போத்தலை மூடிவிட்டேன். இனி இதை நிற்பாட்டுகிறேன். பஸ் வருகிற சத்தம் கேட்கிறது.

அவ வந்து போய்விட்டா. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஸ்கூட்டியைக் காட்டினேன், காற்று நிற்கிறது என்றேன். பிறகு ஹெல்மெற்றை எடுத்து, தங்கச்சி, உள்ளுக்குப் பார்த்துப்போட்டன் என்றேன். அவ கோபிக்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி நிலத்தைப் பார்த்தா. பெரிய லொறி பக்கத்தால் போகும்போது கை நடுங்குமாம். அந்த மணம் தலையில் இருந்தால் நடுங்காதாம்.  ஹெல்மெற்றை அவவின் முகத்துக்கு நேரே பிடித்து முன்னுக்குச் சரித்துக் காட்டினேன். துணி வழுகி வந்து தொங்கியது. அவ அதையே பார்த்துக்கொண்டு நின்றா. திருவிழாவில் முன்வரிசையில் இருந்தவதானே. ஒருத்தரும் அவவுக்குச் சொல்லத் தேவையில்லை.

"அப்ப என்ன செய்வம் அண்ணை?" என்றா.

உங்கடை தலை, நீங்கள்தான் சொல்லவேணும் என்றேன். அவ யோசித்தா. நாளைக்கே கடையில் கொடுத்து அளவான ஹெல்மெற் மாற்றுவதாய்ச் சொன்னா. துணியை என்ன செய்வது என்று அவவே முடிவு எடுத்தா. புது ஹெல்மெற் வந்ததும் அதை மடித்து ஸ்கூட்டியின் பெட்டிக்குள், கத்தரிக்கோலும் நூலும் இருக்கிற இடத்தில் வைப்பாவாம். நீ தள்ளிக்கொண்டு போன துணிமூட்டை எல்லாம் இப்போது அவவின் ஸ்கூட்டியில்தான் போகிறது. ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டுமே. இந்தப் பெரிய ஹெல்மெற்றோடு, மடித்து வைக்காமல், வழுகாமல், எப்படி என்று கேட்டா. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தா. நானும் பார்த்தேன்.

அதே கதிரையில் அவவை இருத்தினேன். துணியில் பாதியைக் கத்தரிக்கவோ என்று கேட்டேன். ஓம் என்றா, அவவே கத்தரித்தும் தந்தா. தையற்காரியின் வெட்டு, ஒரு நூல் பிசகவில்லை. ஒற்றைச் சுற்றாய், மெல்லிசாய், நெற்றியில் பிடித்து, காதுக்கு மேலால் கொண்டுபோய், வலப் பக்கம் செருகினேன். முடிச்சு இல்லை. இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் ஹெல்மெற்றைப் போட்டு, நாடிக்குக் கீழே வாரைப் பூட்டினேன். முன்னுக்குக் குனியுங்கோ, பக்கத்துக்குத் திரும்புங்கோ, தலையை ஆட்டுங்கோ என்றேன். அசையவில்லை. வீதியில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று இந்நேரம் அரியாலை முழுக்கத் தெரிந்திருக்கும்.

பிறகு தள்ளி நின்று கேட்டேன், கண் தெரியுதோ தங்கச்சி என்று.

 அவ வேப்பமரத்தைப் பார்த்தா, வீதியைப் பார்த்தா, லொறி வருகிற பக்கத்தைப் பார்த்தா. கடைசியாய் என் பக்கம் திரும்பி, உன்னை மாதிரியே, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னா.

"உங்கடை ஓட்டைப் பல்லுத் தெரியுது அண்ணை."

சொல்லிவிட்டு ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டா. கை நடுங்கவில்லை, நான் பார்த்தேன். முடக்கில் சிக்னல் போட்டு, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினா.

மற்றப் பாதித் துணியை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறா. ஆமை ஓட்டோடு சேர்த்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். என் கையில் இன்னும் உன் நல்லெண்ணெய் மணக்கிறது. இரவைக்கு வீட்டில் ஒரு பெரிய சண்டை இருக்கிறது மச்சான். பல்லுக் கட்டமாட்டேன் என்று இனித்தான் அவளுக்குச் சொல்லவேண்டும்.